பஸ் ஸ்டாண்டில் நான் கூப்பிட்ட பெரட்டு

நான் அதிகம் பேசாதவள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அடுப்பங்கரையில் வெங்காயம் உரிக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தேன். அங்கேயும் வாத்தியார் கேள்வி கேட்டால், விடை தெரிந்தும் தலையைக் குனிந்துகொள்வேன். அதனால் என்னிடம் எழுதுவதற்குப் பெரிய சங்கதிகள் கிடையாது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதுளைப் பட்டணத்தில் நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பதுளையிலிருந்து எட்டு மைல் மேலே. நான் அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தபோது மாமியார் உயிரோடு இல்லை. வீட்டில் இருந்தது என் வீட்டுக்காரரும், ஒன்பது வயதில் அவருடைய தங்கச்சியும்தான். முதல் வாரம் அந்தப் பிள்ளை என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. இரண்டு பேரும் பேசாமலே விறகு பொறுக்கினோம், பேசாமலே பேன் பார்த்துக்கொண்டோம். எட்டாம் நாள் அவளே கேட்டாள்.

"மதினி, நீங்க ஊமையா?"

"இல்ல."

"அப்பச் சரி."

அதோடு எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு எனக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள். கடையில் சீத்தைத்துணி எடுக்கப் போனால் விலை கேட்பது அவள். டிஸ்பென்சரிக்குப் போனால் எனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்வதுகூட அவள்தான். என் வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. அதைப் பற்றி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாராவது ஒரு வார்த்தை சொன்னால், அந்த வீட்டு வாசலுக்கே போய் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு வருவாள். நான் தலை பின்னிவிட்ட பிள்ளை. பெரியமனுஷியானபோது பச்சை ஓலையில் குடிசை கட்டி உட்காரவைத்ததும் நான்தான். நாத்தனார் என்று ஊருக்குச் சொல்வேன், அவ்வளவுதான்.

எங்கள் தோட்டத்திலேயே ஃபேக்டரியில் வேலை செய்த ஒரு பையனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தோம். இரண்டு லயம் தள்ளித்தான் வீடு. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட மறு வருஷம் அவள் உண்டானாள். பஞ்சம் முடிந்து, அரிசி மறுபடியும் கண்ணில் பட ஆரம்பித்த காலம் அது. கிடைத்ததில் பாதியை நான் அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

நாள் கடந்து போயிற்று. வலி வருவதும் நிற்பதுமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை தோட்டத்து மருத்துவச்சி அம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மொதல் புள்ள, இங்க வச்சுப் பாக்க வேணாம், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்றார். தோட்டத்து லொறியில் சாக்கு விரித்து அவளைப் படுக்கவைத்தோம். நான் கூடப் போனேன். ஆண்கள் மறுநாள் காலை பஸ்ஸில் வருவதாகப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் நன்றாகத்தான் இருந்தாள். பக்கத்துக் கட்டிலில் வெலிமடைப் பக்கத்து சிங்களப் பெண் ஒருத்தி. இவளுக்குத் தெரிந்த சிங்களம் பத்து வார்த்தை. அதை வைத்துக்கொண்டே உருளைக்கிழங்கு விலையிலிருந்து மாமியார் கொடுமை வரைக்கும் இரண்டு பேரும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பத்து மணி வாக்கில் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மதினி, கொடம் ஒடைஞ்சிருச்சு."

பனிக்குடம் உடைந்தால் இனிப் பிள்ளை வந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். பிரசவ அறைக்குக் கூட்டிப்போனபோது அவள் என் கையை விடவில்லை. வயதான நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி, சிங்களத்தி, கொஞ்சம் தமிழ் பேசுவாள். "சரி, நீயும் வா. ஆனா அழ வேணாம்" என்று என்னை உள்ளே விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கட்டிலில் கிடந்தவள் இருமினாள். சும்மா ஒரு இருமல்தான். அதற்குப் பிறகு, "மதினி, மூச்சு முட்டுது, சன்னலைத் தொறங்க" என்றாள். சன்னல் திறந்துதான் இருந்தது. நான் அதைச் சொல்வதற்குள் அவள் உதடு நாவற்பழம் தின்றவள் உதடு மாதிரி ஆகிவிட்டது. கை கால் வெட்டி இழுத்தது. என் கையைப் பிடித்திருந்த விரல்கள் அப்படியே கழன்று விழுந்தன.

மிஸ்ஸி சத்தம் போட்டாள். பெரிய டாக்டர் ஓடிவந்தார். யாழ்ப்பாணத்து மனுஷர், கண்ணாடி போட்டவர், வயது ஐம்பது இருக்கும். யாரோ என்னைச் சுவரோரம் தள்ளினார்கள். மூக்கில் குழாய் வைத்தார்கள், நெஞ்சை அமுக்கினார்கள். இரண்டு பெரிய கரண்டியைச் சேர்த்துவைத்த மாதிரி ஒரு இரும்பைப் போட்டுப் பிள்ளையை எடுத்தார்கள். பொம்பளைப் பிள்ளை. அது அழவில்லை. மிஸ்ஸி தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவளுக்கும் மூச்சு திரும்பியது. கண் திறக்கவில்லை, ஆனால் நெஞ்சு ஏறி இறங்கியது. கஷ்டம் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன்.

பிள்ளை பிறந்தால் ரத்தம் போகும். எனக்குத் தெரியாததா? லயத்தில் எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறேன். ஆனால் இது அப்படி இல்லை. தண்ணீர் மாதிரி நிற்காமல் போனது. கையில் ஊசி குத்திய ஓட்டை இருந்ததே, அங்கேயிருந்தும் ஒழுகியது. பல் ஈறிலும் கசிந்தது. டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் அவள் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, மிஸ்ஸியின் உள்ளங்கையில் வைத்து மூடச் சொன்னார். சூடு வேண்டுமாம். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். ரத்தம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடியது.

"உறையேல்லை" என்றார்.

பிறகு என்னிடம் வந்தார். அவ்வளவு பெரிய மனுஷர் என் முகத்துக்கு நேரே குனிந்து பேசியது எனக்கு என்னவோபோல் இருந்தது.

"பிள்ளை, விளங்கிற மாதிரிச் சொல்லுறன். குழந்தையைச் சுத்தியிருந்த தண்ணி தாயின்ரை ரத்தத்துக்குள்ளை போட்டுது. அதாலைதான் மூச்சு நிண்டது. இப்ப ரத்தம் உறையாமல் போகுது. இது எல்லாருக்கும் வாற வருத்தமில்லை. நான் இதுக்கு முன்னம் ஒருக்காத்தான் கண்டனான்."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அந்த முதல் ஆள் என்ன ஆனாள் என்று கேட்க வாய் வரவில்லை. அவருக்கே புரிந்தது போல.

"அவ தப்பேல்லை" என்றார். "இங்கை இருக்கிற ரத்தம் ரெண்டு போத்தல். அது பழசு. எனக்குப் புது ரத்தம் வேணும், இப்ப எடுத்து இப்ப ஏத்திறதுக்கு. பத்துப் பேராவது வேணும். ஆக்கள் இருக்கினமோ?"

நான் என் கையை நீட்டினேன். அதுதான் என் பதில். எடுத்துப் பார்த்துவிட்டு, என் ரத்தம் அவளுக்குச் சேராது என்றார்கள். அன்றைக்கு அழுதது அந்த ஒரு தடவைதான்.

வாசலுக்கு ஓடினேன். அப்போதுதான் ஆண்கள் வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர், அவளுடைய புருஷன், தோட்டத்து ஆண்கள் இன்னும் ஆறு பேர். கையில் சோற்றுப் பார்சல். நான் சொன்னேன். அவள் புருஷன் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். என் வீட்டுக்காரர், "என் தங்கச்சிக்கு இல்லாத ரத்தமா! எட்டுப் பேரு இருக்கோம், நீ போ, இந்தா வந்துட்டோம்" என்றார்.

நான் உள்ளே போய்ச் சொன்னேன். ரத்தம் எடுக்கிற அறையில் எல்லாம் தயார்செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். அரை மணித்தியாலம் ஆகிவிட்டது. பிறகு எட்டுப் பேரும் வரிசையாக வந்தார்கள். முதலில் வந்தது அவர்கள் இல்லை, வாசம்.

நடந்தது இதுதான். எங்கள் ஆண்களுக்கு ஒரு நம்பிக்கை. உடம்பிலிருந்து ரத்தம் போனால் ஆள் தளர்ந்துபோவான், ஒரு கிளாஸ் உள்ளே போட்டுக்கொண்டால் போன இடத்தில் சட்டென்று ஊறிவிடும் என்று. மரம் விழுந்து அடிபட்டாலும், கவ்வாத்துக் கத்தி வெட்டினாலும் அதுதான் அவர்கள் வைத்தியம். அன்றைக்கு அவர்கள் கூத்தடிக்கப் போகவில்லை. மருந்து என்று நினைத்துத்தான் சாராயத் தவறணைக்குப் போனார்கள். தவறணை திறக்கிற வரைக்கும் வாசலில் காத்து நின்று, ஆளுக்கு ஒரு கிளாஸ் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

டாக்டர் ஒவ்வொருத்தர் வாயையும் மோந்துகொண்டே வந்தார். அவர் முகம் சிவந்துபோயிற்று.

"என்னப்பா இது! ரத்தம் கேட்டால் சாராயத்தையோ கொண்டுவாறியள்?"

என் வீட்டுக்காரர் கைகட்டிக்கொண்டு சொன்னார். "தைரியத்துக்குங்க ஐயா. ரத்தம் எறங்குனா ஊறணுமில்லங்களா."

"அந்தப் பிள்ளை அங்கை செத்துக்கொண்டிருக்குது. எல்லாரும் வெளியிலை போங்கோ!"

எட்டுப் பேரும் வெளியே வந்து சுவரோரம் குந்திவிட்டார்கள். அவள் புருஷன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். எனக்கு அவர்களைத் திட்டவும் நேரமில்லை. டாக்டர் கதவுக்கு வெளியே வந்து பொதுவாகச் சொன்னார். "குடிக்காத ஆக்கள் வேணும். ஒரு மணித்தியாலத்துக்குள்ளை." சொல்லிவிட்டு யாரைப் பார்க்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அங்கே நிமிர்ந்து நின்றது நான் ஒருத்திதான்.

பெரியாஸ்பத்திரியிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை பதுளை பஸ் ஸ்டாண்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுத்துப்பட்டுத் தோட்டத்துச் சனம் முழுதும் அங்கேதான் இருக்கும். சாமான் வாங்கி, மத்தியானப் பஸ்ஸுக்காகக் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். நான் ஒரு கூட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. அங்கே இருந்த ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். தலை கலைந்து, சேலையெல்லாம் கறை. பாவம், பிச்சைக்காரி என்று நினைத்து ஐந்து சதத்தை நீட்டினாள். நான் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போனேன். அங்கேயும் அதே கதைதான்.

பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் நாங்கள் துணி எடுக்கிற கடை இருந்தது. கடைக்கார முஸ்லிம் நானாவுக்கு என் முகம் தெரியும், குரல் தெரியாது. என்னைப் பார்த்து அவரே எழுந்து வந்தார்.

"என்ன புள்ள, எங்க அந்த வாயாடி? வரல்லியா?"

அந்தக் கேள்வியில்தான் என் வாய் திறந்தது. "அவ சாகப்போறா நானா. ரத்தம் வேணும். குடிக்காத ஆளு வேணும்."

அவர் துணி வந்த மரப்பெட்டி ஒன்றைத் தூக்கிக் கொண்டுவந்து கடைக்கு முன்னால் போட்டார். "ஏறுங்க. ஏறி நிண்டு எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லுங்க. நான் பெட்டியப் புடிச்சிக்கிறன்."

ஏறிவிட்டேன். கீழே எத்தனை தலை! கூட்டத்துக்கு முன்னால் என்னவென்று பேசுவது? சங்கத்துத் தலைவர்மார் 'அன்பார்ந்த தாய்மாரே' என்று ஆரம்பிப்பார்கள். அது எனக்கு வராது. கூட்டத்தை நோக்கி ஒரு குரல் எப்படிக் கூப்பிடும் என்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பத்து வயதிலிருந்து ஒவ்வொரு நாள் விடியும்போதும் கேட்ட குரல். மலைக்குப் போகுமுன் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கிற பெரட்டில், பெரிய கங்காணிமார் கூப்பிடுகிற குரல். கண்ணை மூடிக்கொண்டேன்.

"பெரட்டோய்! பெரட்டு! வரிசைக்கு வா! பொம்பளை இங்குட்டு, ஆம்பளை அங்குட்டு! சொணங்குனவனுக்கு இன்னிக்கு வேலை இல்ல!"

அந்தச் சத்தம் என் தொண்டையிலிருந்துதான் வந்தது என்று எனக்கே நம்பிக்கை இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் பஸ் ஸ்டாண்ட் முழுக்க எழுந்து நிற்கிறது. நாலைந்து தோட்டத்துச் சனம், ஒருத்தருக்கொருத்தர் தெரியாதவர்கள். பழக்கம் விடுமா? பையைத் தூக்கிக்கொண்டு பொம்பளைகள் இந்தப் பக்கம், ஆண்கள் அந்தப் பக்கம் வரிசை பிடித்துவிட்டார்கள். ஒரு கிழவர் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். நின்ற பிறகுதான் பக்கத்தில் கேட்டார்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமை இல்ல?"

தேத்தண்ணிக் கடைக்குள்ளிருந்து எங்கள் பெரிய கங்காணியே வெளியே வந்தார். கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டு மாலை போட்டிருந்தார், கழுத்தில் உருத்திராட்சம், மீசை துடிக்கிறது. "எவ அவ, என் பெரட்டைக் கூப்பிடுறவ?"

பிறகு என்னைப் பார்த்தார். "நீயா புள்ள?"

எங்கள் லயத்து அக்கா ஒருத்தி, மலையில் எனக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிறவள், வரிசையிலிருந்து கத்தினாள். "அடி ஆத்தே, இவளுக்குத் தொண்டை இருக்காடி!"

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் சொல்லிவிட்டேன். மூச்சு விடாமல் சொன்னேன். முதல் பிள்ளை, பனிக்குடத்துத் தண்ணீர் ரத்தத்தில் கலந்துவிட்டது, ரத்தம் உறையவில்லை, புது ரத்தம் ஏற்றினால்தான் உயிர், ஒரு மணித்தியாலத்தில் பாதி போய்விட்டது. ஆண்கள் குடித்துவிட்டு வந்து திருப்பி அனுப்பப்பட்டதையும் மறைக்காமல் சொன்னேன்.

முன்வரிசையில் ஒரு பாட்டி, "ரத்தம் குடுத்தா ஆயுசு கொறையுமாமே" என்றாள். பலபேர் தலையாட்டினார்கள். வரிசை அங்கங்கே கலைகிற மாதிரி இருந்தது.

அப்போது அந்தப் பக்கத்து நிரை அக்கா முன்னால் வந்தாள். சேலையை முழங்கால் வரை தூக்கிக் காலைக் காட்டினாள். கணுக்காலிலிருந்து மேலே கறுப்புப் புள்ளி புள்ளியாக அட்டை கடித்த தழும்பு.

"மழைக்காலம் முழுக்க அட்டைக்குக் குடுக்கிறோமே, அப்ப ஆயுசு கொறையலியா? அட்டை ஒன்னயக் கேட்டா குடிச்சிச்சு? இந்தப் புள்ள பொட்டி மேல ஏறி நின்னு கேக்குது. அட்டைக்குக் குடுப்பே, ஒரு பொம்பளைக்குக் குடுக்க மாட்டியா?"

கங்காணி கையை உயர்த்தினார். "ஆம்பளையில குடிக்காதவன் கை தூக்கு!"

ஆறு கை எழுந்தது. பொம்பளைகள் பக்கமிருந்து, "ரெண்டு கையையும் தூக்கச் சொல்லுங்க கங்காணி, அப்பயாச்சும் பன்னெண்டு வரும்" என்று ஒருத்தி சொன்னாள். கங்காணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பொம்பளையில வரமாட்டேங்கிறவ கை தூக்கு" என்றார். அந்தப் பாட்டி மட்டும் தூக்கினாள். அவளும் பிறகு தன் மருமகளை முன்னால் தள்ளிவிட்டாள்.

பெரட்டு முடிந்து மலைக்குப் போவது போலவே வரிசையாகத்தான் போனோம். கங்காணி முன்னால், நடுவில் நாற்பது ஐம்பது பேர். கடையை அடைத்துவிட்டு நானா பின்னால் வந்தார். வழியில் போன பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் ஸ்ட்ரைக் என்று நினைத்திருப்பார்கள். நான் கங்காணிக்கும் முன்னால் ஓடினேன்.

டாக்டர் வாசலில் நின்று அந்த வரிசையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு ஒவ்வொருத்தர் கீழ் இமையையும் இழுத்துப் பார்த்து, விரலில் குத்தி ரத்தம் சேருமா என்று சோதிக்க ஆரம்பித்தார்கள். அங்கேதான் அழுகைச் சத்தம். ஊசிக்குப் பயந்து இல்லை. "உங்களுக்கே ரத்தம் காணாது, போய் நல்லாச் சாப்பிடுங்கோ" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அழுதார்கள். பஞ்சத்தில் அடிபட்ட உடம்புகள். பக்கத்து நிரை அக்காவின் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, டாக்டர் அவளையும் வேண்டாம் என்றார்.

அவள் இடுப்பில் கைவைத்தாள். "ஏங்க ஐயா, அட்டைக்கு ஆகுற ரத்தம் ஒங்களுக்கு ஆகலியா?"

"அட்டைக்குப் படிப்பில்லை அம்மா" என்றார் டாக்டர். அந்த நேரத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. போய்ச் சுவரோரம் நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளைத்தான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது. அத்தனை பேரையும் கொண்டுவந்தவள் அவள். அவளிடம் ஒரு சொட்டு எடுக்கவில்லை.

கடைசியில் பதினாலு பேர் சேர்ந்தார்கள். பத்துப் பேர் பொம்பளைகள். மிச்சம் நாலு பேரில் ஒருத்தர் நானா, ஒருத்தர் கங்காணி. மலையே அதிர்கிற குரல் உள்ளவர், ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பி "முருகா" என்று முனகினார். கொடுத்து எழுந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். இரண்டு கொழுந்துக்காரிகள் அவருடைய தலைப்பாகையாலேயே அவருக்கு விசிறினார்கள். நானாவின் செலவில் தேத்தண்ணிக் கடையிலிருந்து வாளி நிறையச் சீனி போட்ட தேத்தண்ணி வந்தது. என் வீட்டுக்காரரும் மற்ற ஆண்களும் அதை எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள்.

ரத்தப் போத்தலை அறைக்கு அறை கொண்டுபோகிற வேலை எனக்குக் கிடைத்தது. மிஸ்ஸிதான் என் கையில் கொடுத்தாள். "ஓடாதே, விழுந்தா போச்சு" என்றாள். போத்தல் சூடாக இருந்தது. கறந்த பால் செம்பைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு போத்தலும் யாருடையது என்று எனக்குத் தெரியும். உள்ளே போனதும் அவள் காதுக்குப் பக்கத்தில் சொல்வேன். "இது மேட்டு லயத்து மாமி குடுத்தது." "இது யாருன்னே தெரியல, பூனாகலைப் பக்கத்து அம்மா." கேட்டதோ இல்லையோ.

நாலு போத்தல் போன பிறகு குழாயில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஓடியது. ஏழு போன பிறகும் ஓடியது. டாக்டர் அவள் வயிற்றை விடாமல் அமுக்கித் தேய்த்துக்கொண்டே இருந்தார். கை ஓய்ந்தால் மிஸ்ஸி, மிஸ்ஸிக்கு ஓய்ந்தால் அவர். ஒன்பதாவது போத்தலில் குழாய்க்குள் ஏதோ நூல் மாதிரி தெரிந்தது. பன்னிரண்டாவது பாதியில் மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை மிஸ்ஸி கையை மூடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க நான் என் கையையும் மூடிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் குழாயைச் சாய்த்தார். அசையவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை.

"இஞ்சை வா பிள்ளை. பார்" என்றார். கிட்டப் போய்ப் பார்த்தேன். நல்ல தயிர் மாதிரி கெட்டியாக உறைந்து நின்றது. வெளியே வெயில் இன்னும் இருந்தது. நாலு மணி இருக்கும். நான் வராந்தாவுக்கு வந்தேன். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பஸ் போய்விட்டது, யாரும் போகவில்லை. "ஒறைஞ்சிருச்சு" என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு அங்கே எழுந்த சத்தத்தைக் கேட்டு மிஸ்ஸி ஓடிவந்து எல்லாரையும் திட்டினாள்.

மறுநாள் மத்தியானம் அவள் கண் திறந்தாள். உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்; அவள்தான் கேட்டாள்.

"என்ன புள்ள?"

"பொம்பளப் புள்ள."

"யாரு மாதிரி?"

"போடுற சத்தத்தப் பாத்தா ஒன்ன மாதிரிதான்."

கண்ணை மூடிக்கொண்டாள். வாய் மட்டும் சிரித்தது.

பெரட்டில் அன்று கங்காணி, ரத்தம் கொடுத்தவர்களை மேட்டு மலைக்கு அனுப்பாமல் பக்கத்து மலைக்கே போகச் சொன்னாராம். என் வீட்டுக்காரர் ஒரு மாதம் தவறணைப் பக்கம் தலைவைக்கவில்லை. பிறகு பழையபடிதான். அதை எழுதாமல் விட்டால் பொய்யாகும்.

பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஒவ்வொரு ஞாயிறும் கூட்டமாக வந்து பார்ப்பார்கள். ரத்தம் கொடுத்தவர்களுக்கு அவள்மேல் ஒரு உரிமை வந்துவிட்டது. அவள் கோபப்பட்டால், "அது கங்காணி ரத்தம்" என்பார்கள். கஞ்சியில் உப்புப் போதவில்லை என்றால், "மேட்டு லயத்து மாமி வந்துட்டா" என்பார்கள். நானா வந்தபோது, "இனிமே துணி வெலயக் கொறச்சிக் கேக்காதீங்க, ஒங்க ஒடம்புலயே ஏவாரி ரத்தம் ஈக்கி" என்றார். "அப்ப சொந்தக்காரிக்குச் சும்மாவே குடுங்க நானா" என்றாள் இவள். படுத்துக்கொண்டே.

ஒரு நாள் டாக்டர் நாலைந்து சின்ன டாக்டர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் கட்டிலருகே நின்று இங்கிலீஸில் நிறைய நேரம் பேசினார். பிறகு தமிழில் சொன்னார். "புத்தகத்திலை மட்டும் படிச்சிருப்பியள். தப்பின ஆளை இப்ப பாருங்கோ." என் பக்கம் திரும்பினார். "ரத்தம் கொண்டுவந்தது இவ. பஸ் ஸ்டாண்டிலை ஏறி நிண்டு கூப்பிட்டவவாம்." நான் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். ஆனால் காதை மறைக்கவில்லை. அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட விடாமல் கேட்டேன்.

வீட்டுக்குப் போகிற நாள் வந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, பிறகு சுவரை விட்டுவிட்டு, வார்டு வாசல் வரைக்கும் தானாக நடந்தாள். பிள்ளை என் கையில் இருந்தது. அவள் அண்ணனும் புருஷனும் பை தூக்கிக்கொண்டு பின்னால் நின்றார்கள். மிஸ்ஸி வீட்டுக்கு அனுப்புகிற துண்டுச்சீட்டை எடுத்துவைத்துக்கொண்டு, வழக்கம்போல ஆண்களைப் பார்த்துக் கேட்டாள்.

"யார் பொறுப்பு? யார் கூட்டிப்போறது?"

ஆண்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நாந்தான்" என்றேன். கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்டிருக்கும். பேனையை வாங்கி, பிள்ளையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, என் பேரை முழுதாக எழுதிக் கொடுத்தேன்.